கரையில் தொடங்கும் தரவு: இளநிலை மாணவர்களுக்குப் பகுப்பாய்வு ஆய்வை எப்படிக் கற்றுத் தருவது?

பனைக்குளம் ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரி ஒன்றில் புள்ளியியலும் தரவுப் பகுப்பாய்வும் கற்பித்து வருகிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் சிலரை ஒரு கல்வியாண்டு முழுவதும் உடனிருந்து வழிநடத்தி, அவர்களே ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கான தரவைத் திரட்டி, விடை காணும் வரை கொண்டு செல்ல வேண்டும் என்று எங்கள் துறையில் பேச்சு நடக்கிறது. இறுதிப் பருவத்தில் எல்லோரும் செய்யும் புராஜெக்ட் போன்றது அன்று இது. அந்தப் புராஜெக்ட் பெரும்பாலும் எப்படி முடிகிறது என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் அறிவார்கள்: இணையத்திலிருந்து இறக்கிய ஒரு கோப்பு, யாரோ எழுதிய நிரல், ஸ்பைரல் பைண்டிங், வாய்மொழித் தேர்வு.

எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆயத்தமாகக் கிடைக்கும் பெரிய கோப்புகளை வைத்துக் கருவிகளை நன்கு பழகிக்கொள்ளட்டும், ஆய்வுக் கேள்வி பிறகு வரட்டும் என்கிறார்கள் சிலர். நான் வேறு விதமாக நினைக்கிறேன். டைட்டானிக் கப்பலின் பயணிகள் பட்டியலைக் கையாளாத மாணவர் எங்கள் வகுப்பில் இல்லை. 1936ஆம் ஆண்டு புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் தம் கட்டுரையில் பயன்படுத்திய 150 ஐரிஸ் பூக்களின் அளவுகளும் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் தேவிபட்டினத்திலோ மண்டபத்திலோ ஒரு நாள் கரையேறிய மீன் எவ்வாறு எடை பார்க்கப்பட்டு, எழுதப்பட்டு, கூட்டப்பட்டு, ஆண்டறிக்கையின் ஓர் எண்ணாக மாறுகிறது என்று கேட்டால், மீனவர் வீட்டுப் பிள்ளைகள்கூடத் தயங்குகிறார்கள். ஏறத்தாழ 237 கிலோமீட்டர் கடற்கரை உள்ள மாவட்டம் இது. முதல் பருவம் முழுவதையும் ஒரே ஒரு வரிசைத் தரவு பிறக்கும் விதத்தைக் கற்பதற்கே செலவிடலாம் என்பது என் நிலைப்பாடு. இது நடைமுறைக்கு ஒத்துவருமா, இதனால் மாணவர்களுக்கு இழப்பு ஏதும் நேருமா என்று அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பரமக்குடி நிரலாளர்

ஐயா, உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். ஆனாலும் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நான் இந்த மாவட்டத்துக் கல்லூரியில் படித்துச் சென்னையில் தரவுப் பணியில் இருப்பவன். நேர்முகத் தேர்வுக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளை நானே சந்திக்கிறேன். இரண்டு அட்டவணைகளை எஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மொழியில் எப்படி இணைப்பது, பாண்டாஸ் என்னும் பைத்தான் நிரல் தொகுப்பில் விடுபட்ட மதிப்புகளை எப்படிக் கையாள்வது என்ற எளிய கேள்விகளிலேயே அவர்கள் நின்றுவிடுகிறார்கள். மதுரையிலும் கோவையிலும் படித்தவர்களுக்குப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்குக் கல்லூரிதான் எல்லாமும். ஒரு பருவத்தை முழுவதுமாகக் கரையில் செலவிட்டால், பைத்தானுக்கும் மெஷின் லேர்னிங்குக்கும் எப்போது நேரம் கிடைக்கும்? வேலை கிடைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டிய முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இவர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

மண்டபம் களக் கணக்கெடுப்பாளர்

மீன் இறக்கக் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் மாணவர்களுக்குக் கூறெடுப்பை, அதாவது ஒரு பகுதியை மட்டும் பார்த்து முழுமையை மதிப்பிடும் முறையைக் கற்பிக்கப் பாடநூலைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மத்தியக் கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பட்டு, மண்டபம் முகாமைப் பல ஆண்டுகள் தலைமையிடமாகக் கொண்டிருந்து, 1971இல் கொச்சிக்கு இடம் மாறியது. அதன் மண்டல மையம் இன்றும் மண்டபத்தில் இயங்குகிறது. இந்தியக் கடற்கரை முழுவதும் பிடிபடும் மீனை அந்நிலையம் மதிப்பிடும் முறை, படுகைப்படுத்திய பல கட்டத் தற்போக்குக் கூறெடுப்பு எனப்படும் முறையாகும். ஒவ்வொரு கரையிலும் ஒவ்வொரு நாளும் ஆள் நிற்பது இயலாத காரியம். ஆகவே கரையோரம் மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. மாதம் பத்துப் பத்து நாள்களாகப் பகுக்கப்படுகிறது. முதல் ஐந்து நாள்களுக்குள் ஒரு நாள் தற்போக்கில், அதாவது குலுக்கல் போல, தேர்ந்தெடுக்கப்பட, பின்வரும் நாள்கள் அதைத் தொடர்ந்து அமைகின்றன. தேர்ந்தெடுத்த கரையில் முதல் நாள் நண்பகல் 12 மணி முதல் மாலை 6 மணி வரையும், மறுநாள் காலை 6 மணி முதல் நண்பகல் வரையும் கணக்கெடுப்பாளர் நேரில் நிற்பார். இடைப்பட்ட இரவில் இறங்கியதை விசாரித்து எழுதிக்கொள்வார். வந்த படகுகள் 15க்கு மிகாவிட்டால் அனைத்தையும் பார்க்க வேண்டும். மிகுந்தால் அவற்றுள் ஒரு பகுதியைத் தேர்ந்து பார்க்க வேண்டும்.

இதில் ஒரு மாணவர் கற்றுக்கொள்ள எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். இரவு இறக்கத்தை நேரில் பார்க்காமல் விசாரித்து எழுதும்போது என்ன பிழை நுழையக்கூடும்? காரல் என்று ஒரே பெயரில் கூடையில் கிடப்பது பல இனங்களாக இருக்கும்போது, எந்த மட்டத்தில் பிரித்து எழுதுவது? கூடை, பெட்டி என்று சொல்லப்படும் அளவைக் கிலோவாக மாற்ற ஒவ்வொரு கரையிலும் தனித்தனியே எடை பார்க்காமல் முடியுமா? ஒரே கரையில் இரண்டு மாணவர்கள் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் ஒரே படகைக் கணக்கெடுத்து, இருவர் எழுதியதையும் பிறகு ஒப்பிட்டால் எவ்வளவு வேறுபடும்? இந்தக் கடைசிப் பயிற்சியை மட்டும் எந்தக் காரணத்திற்காகவும் விட்டுவிடாதீர்கள். அளவீட்டுப் பிழை என்ற தலைப்பில் எத்தனை வகுப்பு எடுத்தாலும் ஏறாதது, இரண்டு நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஏறிவிடும்.

பாம்பன் வடகடல்

நான் மீனவர் குடும்பத்துப் பட்டதாரி. மேலே எழுதியவர்கள் எல்லோரும் கணக்கெடுப்பைப் பற்றிச் சொன்னார்கள். கடலின் நாட்காட்டியைப் பற்றி நான் சொல்கிறேன். இது தெரியாமல் எந்த மாணவரும் வரைபடம் போட வேண்டாம்.

பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்போம், மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்போம். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அமைதியாக இருக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றின் காலத்தில் இது தலைகீழாகும். எங்கள் தீவில் காற்றைப் பார்த்துப் பக்கம் மாறித் தொழில் செய்பவர்கள் பலர். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நான்கு நாள் என்ற முறை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு அது 45 நாளாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர்கள் உண்டு, வெள்ளிக்கிழமை போகாத ஊர்கள் உண்டு, கோயில் திருவிழாவும் வேலைநிறுத்தமும் இருக்கின்றன. ஆக, அட்டவணையில் ஒரு நாள் காலியாக இருந்தால் அதற்குக் குறைந்தது நான்கு பொருள் இருக்கலாம்: படகு போகவில்லை, போயும் மீன் இல்லை, மீன் வந்தும் எழுத ஆள் இல்லை, மீன் வேறு கரையில் இறங்கியது. இவை நான்கையும் பூச்சியம் என்று நிரப்பிவிட்டு மீன்வளம் குறைந்துவிட்டது என்று கட்டுரை எழுதினால், அந்தக் கட்டுரையால் பாதிக்கப்படுபவர்கள் நாங்கள்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கே வலை விட்டீர்கள் என்ற கேள்வியைத் தயவுசெய்து படிவத்தில் சேர்க்காதீர்கள். ஒரு குடும்பம் தலைமுறையாகக் காத்துவரும் பாடு அது. அத்துடன், இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட எல்லையை ஒட்டித் தொழில் செய்பவர்கள் நாங்கள். இடம் குறித்த தரவு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால் அது எந்தப் பயன்பாட்டுக்கு ஆகும் என்று மாணவர்களாலும் சொல்ல முடியாது, உங்களாலும் சொல்ல முடியாது.

பனைக்குளம் ஆசிரியர்

இடம் குறித்த கேள்வியைச் சேர்க்கப் போவதில்லை என்று இங்கேயே உறுதி கூறுகிறேன். எதைக் கேட்கக் கூடாது என்று முடிவெடுப்பதும் ஆய்வுப் பயிற்சியின் பகுதிதான். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டிய பண்பு இது.

வடகடல், தென்கடல் பற்றிய செய்தி எனக்கு ஒரு சிறந்த பாடத்தைக் கொடுத்திருக்கிறது. கற்பனை எண்களைக் கொண்டு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். முதல் ஆண்டில் வடகடலுக்கு 20 முறை சென்று முறைக்குச் சராசரி 10 கிலோ, தென்கடலுக்கு 80 முறை சென்று முறைக்கு 30 கிலோ கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,600 கிலோ, 100 முறைக்குச் சராசரி 26 கிலோ. இரண்டாம் ஆண்டில் காற்று மாறியதால் வடகடலுக்கு 80 முறை சென்று முறைக்கு 12 கிலோ, தென்கடலுக்கு 20 முறை சென்று முறைக்கு 34 கிலோ கிடைக்கிறது. இரண்டு கடலிலும் பிடிப்பு உயர்ந்திருக்கிறது. ஆனால் மொத்தம் 1,640 கிலோ, சராசரி 16.4 கிலோதான். இரண்டையும் கலந்து பார்ப்பவர் மீன்வளம் சரிந்துவிட்டது என்பார்; பிரித்துப் பார்ப்பவர் வளர்ந்திருக்கிறது என்பார். புள்ளியியலாளர் எட்வர்டு சிம்ப்சன் 1951இல் விளக்கிய முரண் இது. பாடநூலில் இதற்கு மருத்துவமனை எடுத்துக்காட்டைத்தான் தருகிறோம், மாணவர் தேர்வு எழுதியதும் மறந்துவிடுகிறார். தன் தந்தை எந்த மாதத்தில் எந்தக் கடலுக்குப் போகிறார் என்று அறிந்த மாணவர் இதை எளிதில் மறக்க மாட்டார்.

பரமக்குடித் தம்பிக்கு: நீங்கள் சொல்லும் கவலை என்னுடையதும்தான், அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட இரண்டு கேள்விகளையே எடுத்துக்கொள்வோம். விடுபட்ட மதிப்புகளை எப்படிக் கையாள்வது என்பதற்குப் பாம்பன் நண்பர் கொடுத்த விடையைவிடச் சிறந்த விடை உண்டா? அந்த வெற்றிடத்தைச் சராசரியால் நிரப்பும் கட்டளையை ஒரு மணி நேரத்தில் கற்பித்துவிடலாம். நிரப்பலாமா கூடாதா என்று முடிவெடுக்கக் கற்பிப்பதற்குத்தான் வழிகாட்டி தேவைப்படுகிறார். இரண்டு அட்டவணைகளை இணைப்பதும் அப்படியே. கரை விலை ஒரு தாளிலும், காற்றின் வேகம் வேறொரு தாளிலும், தடைக்கால நாள்கள் மூன்றாவது தாளிலும் இருக்கும்போது, இணைத்தாக வேண்டும் என்ற தேவை மாணவரிடமிருந்தே எழும். அப்போது எஸ்கியூஎல்லை அவரே வந்து கேட்பார். கருவி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, தேவை முளைத்த பிறகு அதைக் கையில் கொடுக்கலாம் என்கிறேன்.

கீழக்கரை மாணவி

பேராசிரியர்கள் பேசும் இடத்தில் எழுதத் தயக்கமாக இருந்தது. ஆனால் இப்படி ஓர் ஆய்வை ஏற்கெனவே செய்தவள் என்பதால் எழுதுகிறேன். எங்கள் பகுதியில் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களின் வருமானம் பற்றியது அது. கஞ்சிப் பாசி, மரிக்கொழுந்துப் பாசி ஆகியவற்றை எத்தனை கிலோ எடுத்தார்கள், என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, விரிதாளில் மாதவாரியாகக் கூட்டிக் கொண்டுபோய் என் வழிகாட்டியிடம் காட்டினேன். சில மாதங்கள் மிக உயர்ந்தும் சில மாதங்கள் மிகத் தாழ்ந்தும் இருந்தன. அவர் விடை சொல்லவில்லை. “இவர்கள் எந்த நாளில் கடலுக்குப் போவது என்பதை எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டார். அந்த அக்காமார்களிடம் போய்க் கேட்டேன். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாள்களில்தான் போவோம் என்றார்கள். நிலவின் சுற்று ஏறத்தாழ 29 அரை நாள். ஆங்கில மாதம் 30 அல்லது 31 நாள். பிறையைக் கணக்கிட்டு மறுபடியும் பகுத்தபோது, ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி மறைந்து, அதன் பின்னால் விலையின் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. ரமலான் பிறையை வீட்டில் ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்தவள் நான். அது என் பகுப்பாய்வில் இப்படி வந்து நிற்கும் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

என் வழிகாட்டி செய்தவற்றுள் மிகவும் உதவியது ஒன்று உண்டு. அவர் வாரந்தோறும் அறிக்கையைக் கேட்கவில்லை; களக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, வரி வரியாகப் படித்தார். நான் அடித்துத் திருத்திய இடங்களைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். அப்படி ஒருவர் படிக்கிறார் என்று தெரிந்த பிறகு எழுதுவதில் வந்த கவனம் வேறு எதனாலும் வந்திருக்காது.

நடைமுறைச் சிக்கல்களையும் சொல்ல வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் கரையில் நிற்க வீட்டில் அனுமதி கிடைக்காது. ஊருக்குப் பேருந்தும் குறைவு. மடிக்கணினி எல்லோரிடமும் இல்லை. பெண் மாணவர்களை இணையாக அனுப்புவதும், அவரவர் ஊரிலேயே அவரவர் தரவைத் திரட்டச் செய்வதும் இதற்கு ஏற்ற வழி.

திருவாடானை விரிவுரையாளர்

தங்கையின் பதிவு பலமுறை படிக்க வேண்டியது. நான் வழிகாட்டியின் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் இந்த முயற்சிகள் பெரும்பாலும் அங்கேதான் முறிகின்றன. வாரந்தோறும் குறிப்பேடு படிப்பதற்கு நம் பணிப்பளுக் கணக்கில் மணி நேரம் ஒதுக்கப்படுவதில்லை. ஆர்வமுள்ள ஒருவர் சில ஆண்டுகள் செய்வார், பிறகு களைத்துவிடுவார்.

யாரைச் சேர்ப்பது என்பதும் முக்கியம். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நான்காண்டு இளநிலைப் படிப்புக்கான கட்டமைப்பில், முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்களே நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய சிறப்புப் பட்டத்திற்குத் தகுதி பெறுகிறார்கள். நம் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்பே நடக்கிறது என்றாலும், மதிப்பெண் எடுத்தவருக்கே ஆய்வு என்ற எண்ணம் இங்கும் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 1969இல் தொடங்கிய இளநிலை ஆய்வுத் திட்டத்தில் முதலாண்டு மாணவர்களுக்கும் இடமுண்டு. ஐயா, தயவுசெய்து மதிப்பெண் வரம்பு வைக்காதீர்கள். தேர்வில் சுமாராக எழுதி, கரையில் நிற்கும்போது மிக நுட்பமாகக் கவனிக்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் படிப்பில் பிடிப்பு ஏற்படுவதே இத்தகைய பணியால்தான்.

களைப்புக்கு என்னிடம் இருக்கும் ஒரே தீர்வு, இரண்டாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு முதலாண்டு மாணவர்களின் குறிப்பேடுகளைப் படிக்க வைப்பது. ஆசிரியர் அவர்கள் இருவரையும் சேர்த்துச் சந்தித்தால் போதும்.

பரமக்குடி நிரலாளர்

ஆசிரியரின் விடையையும் கீழக்கரைத் தங்கையின் பதிவையும் படித்த பிறகு என் நிலைப்பாட்டைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். பிறைக் கணக்கில் மறுபடி பகுத்த அந்த ஒரு செய்தியை நேர்முகத் தேர்வில் ஒருவர் சொன்னால் நான் உடனே நிமிர்ந்து உட்காருவேன். எனினும் ஒன்றை வலியுறுத்துகிறேன்: முதல் வாரத்திலிருந்தே எல்லாம் முறையாகக் கணினியில் பதிவாக வேண்டும். மூலத் தரவுக் கோப்பை எவரும் திருத்தக் கூடாது. திருத்தங்கள் அனைத்தும் நிரலாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் கிட் என்னும் மாற்றப் பதிவு மென்பொருளில் பதிவாக வேண்டும். இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிறகு நடக்கவே நடக்காது. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் மாணவர்களின் நிரல்களைப் படித்துக் கருத்து எழுத நான் ஆயத்தம். என் நண்பர்கள் சிலரையும் சேர்த்துக்கொள்ள முடியும்.

பாம்பன் வடகடல்

எல்லாம் சரி. முடிவு கிடைத்த பிறகு அது யாரிடம் போகும்? எங்கள் கரைக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் பலர். கணக்கெடுத்ததை எங்களிடம் திரும்ப வந்து சொன்னவர்கள் மிகக் குறைவு. ஒரு சான்று சொல்கிறேன். ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் மூலம் கடல்மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தையும் பார்த்து மீன் கிடைக்கக்கூடிய இடங்களை அறிவிக்கிறது. அலை, காற்று முன்னறிவிப்பும் தருகிறது. பாம்பனில் கடல் ஓசை வானொலி 90.4இல் மீனவர்களுக்கான செய்திகள் ஒலிக்கின்றன. தரவு கரைக்குத் திரும்பி வர முடியும் என்பதற்கு இவை சான்று. மாணவர் ஆய்வும் அப்படித் திரும்பி வர வேண்டும், ஊர்க் கூட்டத்தில் தமிழில் சொல்லப்பட வேண்டும். தொடங்குவதற்கு முன் கிராமத் தலைவரிடமும் சங்கத்திடமும் அனுமதி பெறுங்கள். ஒரு சம்மாட்டியிடம் (படகு உரிமையாளரிடம்) மட்டும் பேசிவிட்டு ஊரிடம் பேசிவிட்டதாக எண்ண வேண்டாம்.

பனைக்குளம் ஆசிரியர்

எல்லோருடைய கருத்துகளையும் துறைக் கூட்டத்தில் வைத்தேன். பின்வருமாறு தொடங்க முடிவு செய்திருக்கிறோம்.

கேள்வி ஒன்றே ஒன்று: விசைப்படகுகளின் தடைக்காலத்தில், வடகடல் கரையில் நாட்டுப்படகு பிடித்து வரும் நண்டின் ஏல விலை எவ்வாறு மாறுகிறது, அந்த மாற்றம் படகுக்காரரின் கைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது? விலை கரையில் எல்லோர் முன்னிலையிலும் ஏலத்தில் சொல்லப்படுவது, ஆகவே யாருடைய தனியுரிமையையும் அது குலைக்காது. கைக்கு வந்தது எவ்வளவு என்பது அப்படியன்று; வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அவருக்கு நண்டைக் கொடுக்கும் விலை வேறாக இருக்கும் என்பதால், விரும்பிச் சொல்பவரிடம் மட்டும், பெயர் எழுதாமல், மாணவர் கேட்பார்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது, எங்கள் பருவமோ ஜூனில்தான் தொடங்குகிறது. தடைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டுமானால் மார்ச் மாதத்திலேயே கரையில் நிற்க வேண்டும். ஆகவே இப்போது முதலாண்டில் இருப்பவர்களை மார்ச்சிலிருந்தே சேர்க்கிறோம். கோடை விடுமுறையில் அவரவர் ஊர்க் கரையில் இருவர் இருவராக எழுதுவார்கள். ஜூனில் வகுப்பு தொடங்கும்போது அவர்கள் கையில் சொந்தத் தரவு இருக்கும், அதை வைத்தே பைத்தானும் எஸ்கியூஎல்லும் நடத்தப்படும். மதிப்பெண் வரம்பு இல்லை. துறைத்தலைவர் வாரத்திற்கு இரண்டு மணி நேரத்தை ஆய்வகப் பாடவேளையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள இசைந்திருக்கிறார்.

மண்டபம் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். படிவத்தின் முதல் வடிவம் ஆயத்தமாகிவிட்டது: நாள், கரை, பிறை, காற்று, படகு கடலுக்குப் போனதா, போகாவிட்டால் காரணம், நண்டின் அளவுத்தரம், எடை, எடை பார்த்த விதம், ஏல விலை, எழுதியவர் எண். அளவுத்தரத்தை வியாபாரிகள் பிரிக்கும் விதம் கரைக்குக் கரை வேறுபடுவதால், அதை அவர்கள் சொல்லும்படியே எழுதுவதா, நாங்களே நண்டின் ஓட்டு அகலத்தை அளந்து எழுதுவதா என்பதில் மட்டும் முடிவெடுக்க முடியவில்லை. வரும் சனிக்கிழமை தேவிபட்டினம் கரையில் மாணவர்களுடன் இருப்பேன். தாங்கள் வர இயன்றால் அங்கேயே சில நண்டுகளை அளந்து பார்த்து முடிவு செய்துவிடலாம்.

மண்டபம் களக் கணக்கெடுப்பாளர்

வருகிறேன். இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வியாபாரி சொல்லும் தரம் ஒரு நெடுவரிசையில், ஓட்டு அகலம் மில்லிமீட்டரில் மறு நெடுவரிசையில். எல்லா நண்டையும் அளக்க ஏலத்தில் நேரம் கொடுக்க மாட்டார்கள் என்பதால், ஒவ்வொரு தரத்திலும் சிலவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அங்கே செய்து காட்டுகிறேன். அளவுகோல் என்னிடம் இருக்கிறது. ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும் என்பதால் மாணவர்கள் முதல் நாள் இரவே வந்து அருகில் தங்கிக்கொள்வது நல்லது. மாணவிகள் ஏழு மணிக்கு மேல் வந்து எடைப் பகுதியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கீழக்கரை மாணவி

ஐயா, நாங்களும் விடியலிலேயே வந்துவிடுவோம். என் பெரியம்மா வீடு தேவிபட்டினத்தில்தான் இருக்கிறது. மாணவிகள் அனைவரும் அங்கே தங்கிக்கொள்ள அவரிடம் கேட்டு ஒப்புதல் வாங்கிவிட்டேன்.